மரப் பெட்டை

கடலுக்குள் நீண்டுகிடக்கும் குன்றின் உச்சியில் எங்கள் பறவைக் கண்காணிப்புக் கொட்டகை. எதிரே ஒரு பாறைத்திட்டு. ஒரு காலத்தில் ஆலா என்னும் கடற்பறவைகள் அதில் இடம் பிடிக்கச் சண்டை போடும். இப்போது ஒன்றுகூட முட்டையிட வருவதில்லை. இந்தப் பருவத்திலும் கூடு இல்லையென்றால் துறைமுகக்காரர்கள் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிடுவார்கள். பறவையில்லாத பாறை அவர்களுக்கு வெறும் கல்.

கூட்டத்தைக் கண்டால்தான் ஆலா இறங்கும். அதனால் மரத்தில் பறவைகள் செய்து, கடல் அடங்கியிருந்தபோதே பாறையில் பதித்துவிட்டு வந்தோம். வர்ணம் அடித்தவர் அத்தான், என் அக்கா புருஷன். படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்.

"என்ன அத்தான், ஒவ்வொரு இறகா வரையிறீங்க! அக்காவ ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?"

"உங்க அக்கா இப்படி வாய மூடிக்கிட்டு உக்காந்தா பாக்க மாட்டேனா?"

வந்தது ஒரே ஒரு ஆண் ஆலா. இருவரும் டெலஸ்கோப்பில் மாறி மாறிப் பார்த்தோம். ஓரத்திலிருந்த மரப் பெட்டையின் முன்னால் கழுத்தை நீட்டி, இறக்கையைத் தாழ்த்திச் சுற்றிச் சுற்றி வந்தது. மீன் பிடித்துவந்து அதன் அலகருகே நீட்டியது. பெட்டை மீனை வாங்கிக்கொண்டால்தான் ஆலாக்களுக்குக் கல்யாணம். மரம் எங்கே வாங்கும்? மீன் கீழே விழும். போய் இன்னொன்று கொண்டுவரும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. போகப்போக, மீன் விழும்போதெல்லாம் டெலஸ்கோப்பை அத்தானிடம் தள்ளிவிட்டேன்.

பருவம் முடியப்போகும் நேரத்தில் நிஜப் பெட்டை ஒன்று வந்து இறங்கியது. அத்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கூடு, முட்டை, குஞ்சு என்று என் மனம் எங்கெங்கோ ஓடியது. அது நடந்துவந்து மீனுக்காக வாயைத் திறந்தது. ஆண் அதன் தலையில் கொத்தியது. பாவம், மறுபடியும் வந்தது. ஆண் அதைக் கடலுக்கு மேல் வெகுதூரம் துரத்திவிட்டு, வேறொரு மீனோடு திரும்பி மரத்திடம் நீட்டியது.

"அட முட்டாப் பயலே!" என்று கத்தினேன். அதற்குக் கேட்கவா போகிறது?

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் கொஞ்சம் மோசமா பெயிண்ட் அடிச்சிருக்கணும்."

கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் பாறைக்குப் போய் மரப் பெட்டையை எடுக்கவும் வழியில்லை. அந்தப் பெட்டை திரும்பி வரவே இல்லை.

வேறு திட்டுகளில் இருந்த ஆலாக்களெல்லாம் கடல் தாண்டிப் போன பிறகும் இது மட்டும் போகவில்லை. கடல் அடங்கியதும் வெடிக்காரர்கள் வந்தார்கள். மரப் பறவைகளை எடுத்துவிட்டால் அது போய்விடும் என்று மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன்.

"மருந்து வச்சாச்சும்மா, இனி யாரையும் ஏற விடமாட்டோம். சங்கு ஊதுவோம்ல, உசுருள்ளது எல்லாம் பறந்துடும்."

சங்கு ஊதியது. நீர்க்காகங்கள் அலறிக்கொண்டு கலைந்தன. ஆலாவும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றியது. பெட்டை எழவில்லை என்று கண்டதும் திரும்பி, அதை ஒட்டி இறங்கியது.

"போயிடுடா! போயிடு!" என்று அத்தான் குன்றின் விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

வெடிக்கும் வரை அது எழவே இல்லை.