அத்தைக்குக் கொடுத்த ஆம்புலன்ஸ் வழி

அன்று மதியம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: மேலாளர் ஸ்ரீவல்லி, சீனு, நான். திருப்பதிக்குள் டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டிகளை அங்கிருந்துதான் கவனித்தோம்.

அந்த வண்டிகள் தங்களுக்குள் பேசி வழிவிட்டுக்கொள்ளும். ஒன்றை ஆம்புலன்ஸ் என்று குறித்தால், அதன் வழியில் வரும் மற்றவை ஓரங்கட்டி நின்றுவிடும். தரிசன நேரம் தவறிவிடும் என்று சீனுவின் அத்தை வண்டியிலிருந்து போனில் அழுதாள். அவன் அவளுடைய வண்டியை ஆம்புலன்ஸ் என்று குறித்தான். அது மலையடிவாரத்து அலிபிரிக்குப் பறந்தது.

அதற்கு வழிவிட்டு லீலாமகால் சந்திப்பில் ஓரங்கட்டிய இன்னொரு வண்டியை ஆட்டோக்களும் பஸ்களும் சூழ்ந்துகொண்டன. அந்த வண்டிக்குள் பிரசவ வலியில் ஒரு பெண் இருந்தாள். வண்டியிலேயே பிறந்த குழந்தை பிழைக்கவில்லை.

அத்தையின் வண்டி எப்படி ஆம்புலன்ஸ் ஆனது என்று ஸ்ரீவல்லி சீனுவிடம் கேட்டாள். "வண்டி தானா மாறிக்கிச்சு மேடம்" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ பக்கத்துலதானே இருந்தே? பாத்தியா?"

"பாத்தேன். இவன்தான் மாத்தினான்."

சீனு மறுக்கவில்லை. "திருப்பதில இருந்துகினு சொந்தக்காரங்களுக்கு சிபாரிசு பண்ணாதவன் யாரு மேடம்?"

"பெருமாள் நாளைக்கும் அங்கேயேதான் இருப்பார்டா. ஐடி கார்டை வச்சுட்டுப் போ."

அவன் கார்டை மேசையில் வைத்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

"பாத்துகினேதானே இருந்த? அப்பவே 'வேணாண்டா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மச்சி."

சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். என் பேச்சை அவன் தட்டியதில்லை.

"கதவைச் சாத்து" என்றாள் ஸ்ரீவல்லி. அவன் வெளியே போனதும் சாத்திப் பூட்டினேன்.