கற்பூரத்தோடு முடிந்த பேச்சு

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே என்னை உட்கார வைத்து, அண்ணன் சுப்பராயலு மூன்றாவது முறையாக அதையே சொன்னார்.

"பொண்ணு வண்டியிலருந்து விழுந்துட்டான்னு சொல்லு வேலம்மா. அவ்ளோதான்."

 

உள்ளே கிடப்பவள் என் மகள் திவ்யா. இருபத்திரண்டு வயது. மீஞ்சூரில் ஒரு துணிக்கடையில் வேலை. பக்கத்துக் குப்பத்து விக்கி, படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன், இரண்டு வருடமாக அவளைக் காதலித்தான். காதலாம், பெரிய காதல்! பஸ் பத்து நிமிடம் தாமதமானால் போனைப் பிடுங்கிப் பார்ப்பான். "நீ வாணாம்" என்று சொல்லிவிட்டு வரத்தான் நேற்று சாயந்திரம் அவனோடு சவுக்குத் தோப்புக்குப் போனாள். பைக்கிலிருந்து விழுந்து செத்தாள் என்கிறான். பைக்கில் ஒரு கீறல் இல்லை. அவள் கழுத்தில் விரல் விரலாகத் தடம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கழுத்து, எனக்குத் தெரியாதா?

அண்ணன் எங்கள் ஊர்த் தலைவர். சித்திரையில் விக்கி அவள் உதட்டைக் கிழித்தபோது நான் அவரிடம்தான் ஓடினேன். எங்கள் பக்கத்துக் குப்பங்களில் எந்தச் சண்டையானாலும் ஊர்க்கூட்டம்தான் தீர்க்கும். ஸ்டேஷன் வாசலை மிதித்தவர்களை ஊர் மதிக்காது. கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள். "இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று விக்கி அதைக் கையால் அணைத்தான். "இந்தப் பேச்ச வெளிய எடுக்க மாட்டோம்" என்று இன்னொரு கற்பூரத்தை நான் அணைத்தேன். கற்பூரம் அணைந்தால் பேச்சு முடிந்தது, அது எங்கள் வழக்கம். "அடிக்கிற கைதான் அணைக்கும், வுடும்மா" என்றார்கள் பெண்டுகள். நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சத்தியத்த ஒடச்சா ஊரு சும்மா வுடாது" என்றார் அண்ணன். "முத்துராசுக்குப் பாடு கெடையாதுன்னுடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

முத்துராஜ் என் மகன். ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுக்கும். அதுதான் பாடு. அதைப் பறித்துவிட்டால் அவன் ஏரியில் இறங்கவே முடியாது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அவன் மட்டும் சத்தியத்த ஒடைக்கலாமாண்ணே?"

"அது வேற."

"இன்னா வேற?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "நான் தீத்து வெச்ச பேச்சுடி அது. இப்போ வெளிய தெரிஞ்சா எனக்கு இன்னா மூஞ்சி கீது?"

அப்பாடா, ஒருவழியாக உள்ளதைச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

பெண் எஸ்.ஐ. ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"அந்தப் பையன் முன்னாடி எப்பவாச்சும் அடிச்சிருக்கானாம்மா?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். முத்துராஜின் பிள்ளைகள் முகம் கண்ணில் வந்து நின்றது. பெற்ற வயிறு பற்றி எரியும்போது எதைப் பார்ப்பது?

"அடிச்சான்மா" என்றேன். சித்திரையில் நடந்தது, கோயில், கற்பூரம், கூட்டத்தில் இருந்தவர்களின் பெயர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் யார் என்று கேட்டாள். அண்ணனைக் கை காட்டினேன்.

அவர் எழுந்துகொண்டார். "முத்துராச வலைய சுருட்டி வெக்கச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார்.

எஸ்.ஐ. எழுதியதை வாசித்துக் காட்டிப் பேனாவை நீட்டினாள். "சரியாம்மா? கையெழுத்துப் போடுங்க."

"இன்னொண்ணு கீதும்மா. ஒதடு கிழிஞ்ச அன்னிக்கி அவ, 'ஸ்டேஷனுக்குப் போலாம்மா, வாம்மா'ன்னு என் கையப் புடிச்சி இழுத்தா. ஊரு இன்னா சொல்லும்னு நான்தான் வாணாம்னேன். அதையும் எழுது."

"அதெல்லாம் கேஸுக்குத் தேவையில்லம்மா."

"எழுதும்மா" என்றேன்.

அவள் தாளைத் திருப்பி எழுதினாள்.