பட்டாள வாசலில் டோரீன்

பட்டாளத்துக்கு ஆளெடுக்க அரசாங்கம் நடத்திய குலுக்கலில் உருண்டு வந்த கோலிக்குண்டில் நெவிலின் பிறந்த தேதி இருந்தது. இரண்டு வருடம் பட்டாளம், அதில் ஒரு வருடம் வியட்நாம் என்று ஆகிவிட்டது. ஓட்டுப் போட இருபத்தொரு வயது ஆக வேண்டும். துப்பாக்கி தூக்க இருபது போதும்.

"ரெண்டு வருஷம்தானேம்மா, ஓடிப்போயிரும்" என்றான் நெவில். குழாய் வேலை கற்று முடித்திருந்த பையன். அப்பா கிளாரி முந்தைய யுத்தத்தில் நியூ கினி காட்டில் கிடந்தவர். அவர் மகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவன் கிளம்பிய அன்று வீட்டிலேயே விடைகொடுத்துவிட்டாள் அம்மா டோரீன். ஆனால் யாராவில் பேட்டையில் அவள் வேலை பார்த்த ரொட்டிக்கடைக்குப் போகக் கால் வரவில்லை. ரயிலேறி ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுப் பையன்களைச் சேர்த்து அனுப்பும் பட்டாளக் கிடங்குக்குப் போனாள். இன்னும் ஒரு தடவை அவன் முதுகையாவது பார்த்துவிடலாமே என்றுதான்.

வாசலில் நாலைந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். தொப்பி, கையுறை, தோளிலிருந்து குறுக்கே ஒரு துணிப்பட்டை. 'எங்கள் பிள்ளைகளை அனுப்பாதே' என்று அதில் எழுதியிருந்தது. ஒரு போலீஸ்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"உன் பையன் உள்ள இருக்கானா?" என்று கேட்டாள் ஒருத்தி. ஐரீன் என்று பேர், ஒல்லியான பெண். டோரீன் தலையாட்டினாள். "அப்ப இதைப் போட்டுக்க. கத்த வேண்டாம், கோஷம் கிடையாது. நின்னா போதும்."

போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து பையன்களை ஏற்றிய பஸ் வெளியே வந்தது. மூன்றாவது ஜன்னலில் நெவில். அவளைப் பார்த்தான், பட்டையைப் பார்த்தான். பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது: "டேய் நெவில், உங்கம்மா பால் பாட்டில் கொண்டாந்திருக்காங்கடா!" பஸ்ஸே சிரித்தது. நெவில் காது சிவந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கப்பலேறுவதற்கு முன் லீவில் வந்தவன் சாப்பாட்டு மேசையில் அவளிடம் உப்பு கேட்கக்கூட அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டான். கடைசி நாள் கொல்லையில் அவள் துணி காயப்போடும்போது வந்து நின்றான்.

"இன்னும் அங்க போய் நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"நிறுத்து."

"நீ திரும்பி வரணும்னுதான்டா நிக்கிறேன்."

"எனக்காக நிக்கல நீ. எனக்கு எதிரா நிக்கிற. பட்டாளத்துல எல்லாரும் என்னை எப்படிக் கூப்பிடுறாங்க தெரியுமா?"

அவள் கிளிப்பை வாயில் கவ்வியபடி அடுத்த துணியை உதறினாள். நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவன் கட்டிப்பிடித்திருப்பான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கிடங்கு வாசலுக்கு எதிர்ப்பக்கம் வேறு அம்மாக்கள் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து வரத் தைரியம் இல்லாமல் நிற்பதை அவள் பார்த்திருந்தாள். அவர்களில் ஒருத்தியாகத் திரும்பிப் போக முடியவில்லை.

நெவில் போனான். உயிரோடு திரும்பியும் வந்தான். வீட்டுக்குத்தான் வரவில்லை. சிட்னியில் இறங்கி அப்படியே எங்கெங்கோ வேலை தேடிப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு அப்பாவிடம் போனில் இரண்டு வார்த்தை பேசுவான். டோரீன் பக்கத்திலேயே நின்று, காதுக்குழலிலிருந்து கசியும் குரலைக் கேட்டுக்கொள்வாள். "அம்மாகிட்ட குடுக்கட்டுமா?" என்று கிளாரி கேட்டதும் லைன் கட்டாகிவிடும்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். ரொட்டிக்கடையில் கேலி ஓயவில்லை. "என்ன டோரீன், ஹனோய்ல இருக்கிற எதிரிக்கு அனுப்பினது போக ரொட்டி ஏதும் மிச்சம் இருக்கா?" என்பார் கசாப்புக்கடைக்காரர். "உங்களுக்குன்னு ஒண்ணு கருக்கி வச்சிருக்கேன்" என்பாள். கிளாரியோடு பழைய சிப்பாய்கள் கிளப்பில் பீர் குடிக்க ஆள் குறைந்தது. நாலைந்து பெண்கள் நின்ற வாசலுக்கு முதலில் ஒரு பாதிரியார் வந்தார், பிறகு மாணவர்கள், துறைமுகத் தொழிலாளிகள், பட்டாளத்துக்கு அழைத்து வந்த சீட்டைக் கொளுத்திய பையன்கள். எழுபதாம் வருஷம் மே மாதம் போரை நிறுத்தச் சொல்லி நகரத்தின் நடுவில் பூர்க் தெரு முழுக்க ஜனம் தரையில் உட்கார்ந்தது. டிராம்கள் நின்றுபோயின. கிளாரி நடைபாதையோரமாகவே கூட வந்தார். ஊர்வலத்தில் சேரவில்லை, ஆனால் அவளுடைய கோட்டும் மடக்கு நாற்காலியும் அவர் கையில்தான் இருந்தன.

"ஜெயிச்சுட்டோம் போலிருக்கே" என்று ஐரீன் அழுதாள். டோரீன் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒடுங்கிய தாடை, காது கொஞ்சம் விரிந்தது. அந்த மாதிரி பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

எழுபத்திரண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது, கட்டாயப் பட்டாளமும் போயிற்று. மறுவாரமே அவள் மில்டூராவுக்கு ரயிலேறினாள். நெவில் அங்கே திராட்சைத் தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறான் என்று கிளாரி சொல்லியிருந்தார்.

செம்மண் பள்ளத்தில் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"அப்பாவுக்கு ஏதாவதா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. நான்தான் வந்தேன்."

வெகுநேரம் குழாயையே திருகினான். பிறகு பள்ளத்துக்குள்ளிருந்தே பேசினான். "அன்னிக்கு பஸ்ஸில என் பக்கத்துல பேரின்னு ஒருத்தன் இருந்தான். எல்லாரும் சிரிச்சாங்க, அவன் மட்டும் சிரிக்கல. 'உனக்காவது ஒருத்தங்க வந்திருக்காங்கடா'ன்னான்." நிறுத்தினான். "கண்ணிவெடியில போயிட்டான்மா. நீ சொன்னது சரின்னு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துட்டா, அப்புறம் அவன் எதுக்குச் செத்தான்? அதைத்தான் என்னால யோசிக்க முடியல."

அவள் பள்ளத்தின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தாள். "எனக்கும் தெரியலடா" என்றாள்.

அவன் மேலே ஏறி வந்து, மண் படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"எப்ப திரும்பணும்?"

"நாளைக்கு ரயில்."

தோட்டத்தைப் பார்த்தபடி நின்றான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இரேன்."