நாற்காலிக்குக் கடோ

எங்கள் தேவராஜ் அண்ணனிடம் அமெரிக்கா எந்தப் பக்கம் என்று கேட்டால் ஜன்னலைக் காட்டுவார். ஜன்னலுக்கு வெளியே ரங்கூனின் லான்மடாவ் தெருவும் எதிர்வீட்டுத் துணிக்கொடியும்தான் தெரியும். ஆனால் அமெரிக்காவில் ஒரு கால்பந்து அணி வாரா வாரம் எப்படித் தோற்கிறது என்பது அவருக்கு அத்துபடி.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. ஒருத்தன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் அவனைப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். காலால் உதைப்பதற்கென்று தனியாக ஒருத்தன் உண்டு, அவன் பாவம் பெரும்பாலும் ஓரமாக உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு தள்ளுமுள்ளுக்கும் பிறகு எல்லோரும் எழுந்து நின்று யோசிப்பார்கள். இவர்களுக்கு யோசனை சொல்லத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரும், அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர்கள் ஒரு கல்யாணப் பந்தி அளவுக்கும் இருக்கிறார்கள்.

அந்தத் துணைப் பயிற்சியாளர்களில் தடுப்பாட்டத்தைக் கவனிப்பவருக்குத்தான் நாங்கள் வேலை செய்கிறோம். ஆட்டம் முடிந்ததும் வீடியோ எங்களுக்கு வரும். தள்ளுமுள்ளு ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி, யார் எங்கே நின்றான், எந்தப் பக்கம் ஓடினான் என்று குறித்து அனுப்புவோம். அவர்கள் தூங்கும்போது நமக்குப் பகல். அவர் எழுந்து காபி குடிக்கும்போது எல்லாம் தயாராக இருக்கும். அணியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். தலைக்கவசத்தில் ஒரு கொக்குப் படம் இருக்கிறது, ஆகவே நாங்கள் கொக்கு என்போம்.

வாளி, முறம் விற்கிற கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் அறை. தேவராஜ் அண்ணன்தான் தலைவர். கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தவர். தன்லியினிலிருந்து பாலம் தாண்டிப் பஸ்ஸில் வருகிற சாரா ஒருத்தி. தமிழ் நன்றாகப் புரியும், வாயைத் திறந்தால் பர்மியம்தான் முதலில் வரும். மூன்றாவது ஆள் புஷ்பா, அதாவது நான். இந்த வேலை போனால் மாவ்பியில் என் அக்காவின் முட்டைக் கடைக்குத்தான் போக வேண்டும். அக்காவோடு ஒரு நாள் விருந்தாளியாக இருக்கலாம், அவளிடம் வேலை பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. முன்பின் தெரியாத தடியர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிவதில் ஒரு தனிச் சுகம் இருந்தது.

அதைத் தெரிந்துகொள்ள வைத்தவர் வாரன். எங்கள் துணைப் பயிற்சியாளர். எப்போதும் தொப்பி போட்டிருப்பார், கைப்பிடி கிழிந்து வெள்ளை டேப் சுற்றிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பந்து ஏமாற்றும், தலையும் ஏமாற்றும், இடுப்பைப் பாருங்கள், இடுப்பு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் ஆள் போவான் என்று அவர்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் நான் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் இடுப்பையெல்லாம் பார்த்து ஒரு அம்மாளிடம் முறைப்பு வாங்கிக்கொண்டேன்.

வாரன் எல்லாவற்றுக்கும் மீன் பெயர் வைத்திருந்தார். நடுவில் ஒருத்தன் பதுங்கி நின்றால் கெளுத்தி. இரண்டு பேர் ஓரத்தில் நின்றால் விலாங்கு. துணைப் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருப்பாராம். ஆள் மாறினால் பாஷையும் மாறும்.

நாங்கள் அவரைச் சயா என்போம். இங்கே வாத்தியாருக்கும் டாக்டருக்கும் கற்றுக்கொடுக்கிற எவருக்கும் அதுதான் சொல். தடிஞ்யூட் விளக்குத் திருநாள் வந்தால் சயாவுக்குக் கடோ செய்ய வேண்டும். அதாவது மண்டியிட்டு, தலையைத் தரையில் வைத்து வணங்கி, மனசாலும் வாக்காலும் உடம்பாலும் செய்த பிழையை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சயா ஆசி சொல்வார். தமிழரானாலும் பர்மியரானாலும், கோவிலானாலும் சர்ச்சானாலும் ரங்கூனில் படித்தவர்களுக்கு இது பழக்கம். முதல் வருஷம் வீடியோவில் வாரனுக்குக் கடோ செய்தோம். மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரையிலிருந்து மறைந்ததும் அவர் பூகம்பம் என்று நினைத்துவிட்டார். ஹலோ ஹலோ என்று கத்தினது கீழே வாளிக் கடைவரை கேட்டது. விஷயத்தைச் சொன்ன பிறகு தொப்பியைத் திருகிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தலையை நிமிர்த்தி விளையாடுங்கள் என்று ஆசி சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து, தடிஞ்யூட் எப்போது வருகிறது என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

இந்த வருஷம் தடிஞ்யூட் வருவதற்குள் கொக்கு தொடர்ந்து தோற்றது. ஒரு ஆட்டமாவது ஜெயிக்கும் என்று சாரா மெழுகுவத்தி ஏற்றினாள், அதற்கும் தோற்றது. தலைமைப் பயிற்சியாளரை வெளியே அனுப்ப முடியாது, அவரோடு நீண்ட கால ஒப்பந்தமாம். சோறு குழைந்ததற்குப் பானையை மாற்றுகிற மாதிரி வாரனை எடுத்துவிட்டார்கள். அவர் இடத்துக்கு கிளின்ட் என்று ஒரு இளவயசுக்காரர் வந்தார். அவருக்கு எல்லாம் வண்டிப் பெயர். கெளுத்தி ஜீப் ஆனது, விலாங்கு லாரி ஆனது. வீடியோ வேலைக்குத் தன்னிடம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் ஒரு தடவை உங்களைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சேதி அனுப்பினார்.

தேவராஜ் அண்ணன் அன்றைக்கே கிளம்பிப் போய் ஒரு டை வாங்கி வந்தார். கேமராவில் தெரியாத பாகத்துக்கு லுங்கியே போதும் என்றார். சுவரெல்லாம் ஜீப்பும் லாரியுமாக எழுதி ஒட்டினார். மோட்டார் பட்டறை மாதிரி இருந்தது எங்கள் அறை. அப்புறம்தான் அவருக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. பேசப் போகிற நாள் தடிஞ்யூட் வாரத்தில் விழுகிறது, ஆகவே புது சயாவுக்குக் கடோ செய்துவிடலாம் என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. வாரனுக்கு இன்னும் செய்யவில்லையே என்றேன். வேலை போனவரைக் கூப்பிட்டால் இருக்கிறவருக்குக் கோபம் வரும் என்றார் அண்ணன். எனக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

"கடோ ஆளுக்கு இல்ல புஷ்பா, நாற்காலிக்கு. சயா நாற்காலியில யாரு உக்காந்தாலும் சயாதான்."

"அப்ப அந்த நாற்காலிய மட்டும் அனுப்பச் சொல்லுங்கண்ணே. இங்க போட்டு நேரா கும்பிட்டுக்கிறேன்."

சாரா எங்கள் இரண்டு பேருக்கும் லபேயே, அதாவது பால் டீ, வாங்கி வந்து வைத்தாள், அவளுக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கரண்டு இல்லை, பேட்டரியில் உட்கார்ந்திருந்தோம். கிளின்ட் திரையில் வந்தார். தாடியை ஒட்ட வெட்டியிருந்தார், கண்ணில் தூக்கம் போதவில்லை. நான் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைத்தான் பார்த்தேன். அதே நாற்காலி, கைப்பிடியில் அதே வெள்ளை டேப்.

அண்ணன் டையைச் சரிசெய்துகொண்டு இங்கிலீஷில் ஒரு வரவேற்பு சொன்னார். அது முடிந்ததும் சாராவுக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் திரையிலிருந்து மறைந்தார்கள். நான் மறையவில்லை. முன்னாலேயே தீர்மானித்து வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். முட்டி மடங்கவில்லை, அவ்வளவுதான். திரையில் என் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். இரண்டு காலி இடத்துக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், வரன் பிடிக்காத பெண் வீட்டுக்காரி மாதிரி.

கிளின்ட் முன்னால் சாய்ந்தார். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லை, உங்களுக்கு மரியாதை செய்கிறார்கள், கற்றுக்கொடுத்தவருக்கு இந்த வாரம் செய்கிற வழக்கம் என்றேன். நீங்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். கீழேயிருந்து அண்ணன் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

நான் இங்கிலீஷில் சொன்னது தமிழில் இவ்வளவுதான்: "எனக்குக் கத்துக் குடுத்தவர் வாரன். நீங்க இன்னும் ஒண்ணும் கத்துக் குடுக்கலியே."

முந்தானையை இழுப்பது நின்றுவிட்டது. அண்ணன் கீழேயே இருந்தார். எழுந்து வந்து இதைப் பார்ப்பதைவிடத் தரை தேவலை என்று நினைத்திருப்பார். எனக்கு அக்காவின் முட்டைத் தட்டுகள் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

வாரன் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று கிளின்ட் கேட்டார். பந்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்றேன். அவர் கை தானாகப் போய் நாற்காலிக் கைப்பிடியில் அந்த டேப்பைத் தடவியது. தான் ஆட்டக்காரனாக இருந்த காலத்தில் தனக்கும் பயிற்சி கொடுத்தவர் வாரன்தான் என்றார். இடுப்பைப் பார் என்று அவர் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவது இன்னும் காதில் இருக்கிறது என்றார். இந்த இடத்துக்கு வந்த பிறகு அவரைக் கூப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கூப்பிடலை. என்ன சொல்றதுன்னு தெரியலை."

தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி அசையாமல் இருக்க, வாத்தியார் நாற்காலியில் அவரிடம் படித்த பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் தாடிக்காரர் மேலிருந்த கோபம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. கோபம் இறங்கினாலும் வாய் இறங்கவில்லை. எங்களுக்கு நாளைக்குக் காலையில், உங்களுக்கு நாளைச் சாயங்காலம், நாங்கள் வாரனைக் கூப்பிடப் போகிறோம், நீங்களும் வரலாம், எங்கள் முறையில் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, மன்னிப்பு என்று கேட்டால் போதும் என்றேன். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் நண்பர்களை எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் டையை அவிழ்த்து மேஜையில் போட்டார், சுவரில் ஒட்டின ஜீப்பையும் லாரியையும் ஒன்றொன்றாகக் கிழித்தார். மூன்று பேர் பிழைப்பை ஒரு நாக்கு தின்றுவிட்டது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் வாரனுக்காகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சாராவின் பஸ் டிக்கெட்டை நினைத்துப் பார்க்கவில்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய மன்னிப்பு எனக்கும் இருந்தது.

மறுநாள் காலையில் மூன்று பேரும் சீக்கிரமே வந்துவிட்டோம். வாரன் தன் வீட்டுச் சமையலறையில் இருந்தார். முதல் தடவையாக அவரைத் தொப்பி இல்லாமல் பார்த்தேன். நெற்றிக்கு மேலே வெயில் படாத வெள்ளைத் தோல், குழந்தைத் தலை மாதிரி இருந்தது. வேலை போன கவலையில் தடிஞ்யூட்டை மறந்திருப்பீர்கள் என்று நினைத்தோம் என்றார் அண்ணன். தடிஞ்யூட்டுக்காகத்தான் இன்றைக்கு முகம் மழித்தேன் என்றார் வாரன். திரையில் இன்னொரு கட்டம் திறந்தது. கிளின்ட், அன்றைக்குத் தலையில் ஒரு தொப்பி, அதே ஆபீஸ், அதே நாற்காலி. வாரன் அவரைப் பார்த்தார்.

நாங்கள் மண்டியிட்டோம். இந்தத் தடவை என் முட்டி சுலபமாக மடங்கியது. தலையைத் தரையில் வைத்து அண்ணன் வாசகத்தைச் சொன்னார், நானும் சாராவும் கூடச் சொன்னோம். உடம்பாலும் வாக்காலும் என்று வந்த இடத்தில் நான் அண்ணன் பக்கம் திரும்பி, வாக்கால் உங்களுக்கும்தாண்ணே என்றேன். அவர் தரையில் தலை வைத்தபடியே ம் என்றார்.

எழுந்து பார்த்தபோது கிளின்டின் கட்டத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. போய்விட்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் திரையின் அடி விளிம்பில் ஒரு தொப்பியின் உச்சி தெரிந்தது.

வாரனும் அதைப் பார்த்துவிட்டார். மூக்கை உறிஞ்சினார். ஆசி சொல்லத் தொண்டையைச் செருமினவர், வேறு எதையோ சொன்னார்.

"எழுந்திரு கிளின்ட். இடுப்பு தெரியலை. நீ எந்தப் பக்கம் போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தொப்பி மெதுவாக மேலே வந்தது, அதற்குக் கீழே முகம் வந்தது. முகம் முழுக்க ஈரம்.

"எங்கேயும் போகலை, கோச்."

ஞாயிற்றுக்கிழமை கொக்கு மறுபடியும் தோற்றது. திங்கட்கிழமை விடிந்ததும் வீடியோ வழக்கம்போல எங்களுக்கு வந்தது. அண்ணன் கிழித்த ஜீப்பையும் லாரியையும் ஒட்டுப்போட்டுச் சுவரில் மாட்டினார். வேலை மும்முரத்தில் ஒரு இடத்தில் நான் ஜீப் என்பதற்குக் கெளுத்தி என்று எழுதி அனுப்பிவிட்டேன். திருத்தச் சொல்லி கிளின்டிடமிருந்து எதுவும் வரவில்லை.