சுபஸ்ரீ கையில் ஒரு வளையல்

யமுனாவின் வளைகாப்புக்கு அவளுடைய கூடைப்பந்து அணி முழுவதும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது, ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வாசல் தோரணம் தலையில் இடித்தது.

"இவ்வளவு ஒசரத்துக்கு மாப்பிள்ளைய எங்க தேடுவாங்க?" என்று யமுனாவின் அம்மா மணிமேகலை வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"ஏணி போட்டுத் தேடுவாங்க சம்பந்தி" என்றாள் மாமியார் ரெங்கம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். யமுனாவும் சிரித்தாள். ஆனால் அவள் மனம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

அன்று வெள்ளி. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் திருச்சியில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். அவள் பயிற்சி கொடுக்கும் அணி முதல் முறையாக அதுவரை வந்திருக்கிறது. அவளோ சாப்பாடு முடிந்ததும் அம்மாவோடு உப்பிலியபுரத்துக்குக் கார் ஏற வேண்டும். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவள் பிள்ளையோடுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள். தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். ஏழாம் மாதத்தில் வேறு நல்ல நாள் இல்லை, எட்டாம் மாதத்தில் செய்யும் வழக்கமில்லை என்றுவிட்டார்கள்.

"ரெண்டு நாள் கழிச்சு வரேனேம்மா."

"கூப்பிட வந்தவள வெறுமனே திருப்பி அனுப்புவியா? நீ இல்லாம அந்தப் பொண்ணுங்க ஆடிப் பழகட்டும். புள்ள பொறந்தப்புறம் எப்படியும் இதெல்லாம் விடத்தானே போற?"

விடத்தானே போற. ஏதோ சளி, இருமல் விட்டுப்போவதைப் போல அம்மா சொன்னாள்.

யமுனாவின் உடம்பில் பாதி அந்த ஆட்டம்தான். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கூடைப்பந்து வளையத்தையே கிட்டத்தில் பார்த்தாள். இரண்டாம் வருடம் அணியின் பாயின்ட் கார்டு. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். மூன்றாம் வருடம் கேப்டன். பல்கலைக்கழக அணிக்காக ஊர் ஊராகப் போனாள். பிறகு விளையாட்டுக் கல்வி படித்துவிட்டு அதே கல்லூரி மைதானத்துக்கே பயிற்சியாளராக வந்தாள். இத்தனை வருடத்தில் அம்மா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. "அரை டவுசரோட நீ ஓடறத எப்படிடி உக்காந்து பாக்கறது?" என்பாள். ஆனால் மகள் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் பையில் முறுக்கு மட்டும் தவறாமல் இருக்கும்.

வளையல் அடுக்கும் நேரம் வந்தது. யமுனாவுக்கு அடுக்கி முடித்ததும், வந்த பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். கேப்டன் சுபஸ்ரீயின் கைக்குத்தான் எதுவும் ஏறவில்லை. மணப்பாறைப் பெண், பந்தை ஒரே கையால் கவ்வித் தூக்கும் கை.

"பரவால்லம்மா, விடுங்க" என்றாள் அவள்.

மணிமேகலை விடுவாளா? "வளைகாப்புக்கு வந்துட்டு வெறுங்கையோட போறதாவது!" சோப்பு நுரையைத் தடவி, விரல் முட்டிகளை ஒன்றாக அமுக்கி, ஒரு பச்சை வளையலை ஏற்றியேவிட்டாள். "புள்ள பொறக்கற வரைக்கும் பத்திரமா வச்சுக்க. உடையாம இருந்தாத்தான் தாய்க்கும் புள்ளைக்கும் நல்லது."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். சுபஸ்ரீ அதை அப்படியே மனதில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு உப்பிலியபுரத்தில் யமுனாவின் போன் அடித்தது.

"மேம், வளையல் கழல மாட்டேங்குது" என்று அழுதாள் சுபஸ்ரீ. "டேப் சுத்தி ஆடறேன்னு சொன்னேன். கண்ணாடியோட ஆடக்கூடாதுன்னு ரெஃப்ரி சொல்லிட்டாரு."

"உடைச்சுட்டு ஆடு."

"மாட்டேன் மேம்."

"சுபா, இது ஃபைனல்."

"தெரியும். உங்க குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான் உக்காந்துக்கறேன். எனக்குப் பதிலா ஜெஸ்லின் ஆடட்டும்."

"நான் சொன்னா கேக்க மாட்டியா?"

"இதுல மட்டும் கேக்க மாட்டேன் மேம்" என்று போனை வைத்துவிட்டாள்.

யமுனா எழுந்து துப்பட்டாவை எடுத்தாள். நேரில் போனால்தான் அவள் கேட்பாள். மணிமேகலை வாசலை மறித்து நின்றாள்.

"வயித்தத் தள்ளிக்கிட்டு எங்க கிளம்பிட்ட? புள்ள பெத்துக்காம அந்த ஊருக்குத் திரும்பறது உண்டா? இரு, உங்க மாமியார்ட்டயே பேசறேன்." பேசினாள். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, "நீங்களே சொல்லி நிறுத்துங்க சம்பந்தி" என்று ஸ்பீக்கரையும் போட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ரெங்கம்மாளின் குரல் வந்தது.

"வீட்டுக்குத்தானே சம்பந்தி வரக்கூடாது? கிரவுண்டு நம்ம வீடு இல்லையே. மெதுவா ஓட்டச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. நானும் அங்க வந்துடறேன்."

சம்பந்தியே சொன்ன பிறகு மணிமேகலை முறுக்குப் பையை எடுத்துக்கொண்டாள். வாடகைக் கார் பிடித்து, மகளின் முதுகுக்குத் தலையணை வைத்து, பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டாள். துறையூரில் ஒரு முறை, மண்ணச்சநல்லூரில் ஒரு முறை, "பாத்துப் போங்க தம்பி" என்று டிரைவரைக் கடிந்தாள். கொள்ளிடம் பாலம் தாண்டி, மகளின் புகுந்த வீடு இருக்கும் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் இடத்தில், "இந்தப் பக்கம் திரும்பிடாதீங்க, நேரா போங்க" என்று பதறினாள்.

மைதானத்தை அடைந்தபோது முதல் பாதி முடிந்திருந்தது. பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். சுபஸ்ரீ பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ரெங்கம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு தோற்றுப்போய் நின்றாள். பெண்ணின் மணிக்கட்டு வீங்கிச் சிவந்திருந்தது.

வளையல் சத்தம் கேட்டுத்தான் பெண்கள் முதலில் திரும்பினார்கள். "மேம்!" என்று ஓடி வந்தார்கள். யாரும் கட்டிப்பிடிக்கத் துணியாமல் வயிற்றைச் சுற்றி அரை வட்டமாக நின்றார்கள். ஆட்டத் தாளில் கோச் என்ற இடத்தில் அவள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம் என்று ஜெஸ்லின் சொன்னாள். வரமாட்டாள் என்று தெரிந்தும்.

யமுனா சுபஸ்ரீயின் கையைப் பிடித்தாள். அவள் வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க திட்டினாலும் சரி மேம்."

மணிமேகலை அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடம் ஓடிப் பிடித்த ஆட்டத்தை, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்காக விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவும், தான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு வார்த்தைக்காக.

"இந்தா, கையக் குடு" என்றாள்.

"அம்மா, நீங்கதானே உடையக் கூடாதுன்னீங்க..."

"ஆமா, சொன்னேன். போட்டவ நான். என் பேரப்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. உன்ன இப்படி உக்கார வச்சாத்தான் ஆகும். குடுடி கைய."

முந்தானையை வளையலின் மேல் சுற்றினாள். கண்ணை மூடி, "ரெங்கநாதா" என்றபடி ஒரே அழுத்து. கண்ணாடித் துண்டுகளை முந்தானையிலேயே முடிந்துகொண்டு, சுபஸ்ரீயின் மணிக்கட்டைத் தடவிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"போ. போய் ஆடு."

சுபஸ்ரீ ஆடினாள். யமுனா எல்லைக் கோட்டருகே நின்றுகொண்டு, "ஜெஸ்லின், உள்ள போ! சுபா, அவசரப்படாத!" என்று கத்தினாள். கையை வீசும்போதெல்லாம் இரண்டு கையும் கலகலத்தன. பதினொன்று ஏழானது, ஏழு மூன்றானது. மணிமேகலை முதலில் ரெங்கம்மாளிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கால் மணி நேரத்தில் தானே எழுந்து நின்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "கைல தட்டினா பாரு! கண்ணு தெரியலையா அந்த ஆளுக்கு?"

ஒரே ஒரு கூடையில் தோற்றார்கள்.

பெண்கள் யமுனாவைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். மணிமேகலை பையைத் திறந்து முறுக்கைப் பிட்டு ஒவ்வொருத்தி கையிலும் திணித்தாள். அழுதபடியே தின்றார்கள்.

காரில் ஏறும்போது மணிமேகலை, மகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அடுத்த போட்டி எப்ப?"

"ஜனவரியில."

"அப்ப புள்ளைக்கு மூணு மாசம் ஆயிருக்கும்." தலையணையைச் சரிசெய்தாள். "வெயில் படாத பக்கமா ஒரு இடம் பாத்து வை. நீ கத்திக்கிட்டு நில்லு, நான் மடியில வச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன்."

ரெங்கம்மாள் கார் ஜன்னலில் குனிந்தாள். "அதென்ன சம்பந்தி, நீங்க? அது எங்க வீட்டுப் புள்ள. உள்ளூர்ல இருக்கறவ நான். நான்தான் வச்சுப்பேன்."

"நான் உப்பிலியபுரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்துடுவேன்."

"வாங்க. வந்து ரெஃப்ரியத் திட்டுங்க. புள்ள என் மடியிலதான்."

டிரைவர் வண்டியைக் கிளப்பலாமா என்று யமுனாவைப் பார்த்தான். கொஞ்சம் பொறுக்கும்படி அவள் கையைக் காட்டினாள்.