முதலிடத்துச் சுவரொட்டி

சங்கிலிமுத்து கடைக்கு வந்ததும் முதலில் கணினிக்குச் சாம்பிராணி காட்டுவார். பிறகு நாற்காலியில் சம்மணமிட்டு அமர்ந்து, ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே 'சிவகாசி பட்டாசு' என்று ஆங்கில எழுத்தில் தட்டுவார். திரையின் உச்சியில் அவருடைய கடையின் இணையதளம் வந்து நிற்கும். அதைத் திறந்து, முகப்பில் கைகூப்பி நிற்கும் தம் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அதன் பிறகுதான் டீ. இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் இது தவறியதில்லை. மகளின் கல்யாணத்தன்று காலையில்கூட மண்டபத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டுத்தான் தாலி எடுத்துக் கொடுக்கப் போனார்.

கடை வாசலில், 'உலக இணையத்தில் முதலிடம்' என்று இருபதடி பேனர் தொங்கியது. 2008ஆம் ஆண்டு ஆடி பிறந்து சீசன் சூடு பிடித்தபோது, எதிர்வரிசையில் பட்டாசுக் கடை வைத்திருந்த நைனா முகம்மது முப்பதடியில் ஒரு பேனர் கட்டினார். அதிலும் முதலிடம் என்றே இருந்தது. அன்று தொடங்கியது வினை. சங்கிலிமுத்து பத்தாயிரம் வாலாச் சரங்களை 'ஒன்று' என்ற எண்ணின் வடிவில் கட்டித் தொங்கவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே கொளுத்தினார். மறுவாரம் நைனா முகம்மது யானை ஒன்றை வரவழைத்து, அதன் நெற்றியில் தம் இணைய முகவரியை எழுதி ஊர்வலம் விட்டார். யானை சங்கிலிமுத்துவின் கடை வாசலில் நின்று சாணமிட்டது. பாகனுக்கு அதற்கென்றே தனியாகப் பணம் கொடுக்கப்பட்டதாகச் சங்கிலிமுத்து இறுதிவரை நம்பினார்.

இந்த நேரத்தில்தான் மாரிசெல்வி வாய் திறந்தாள். அவள் தாயில்பட்டிப் பெண். தாய் ராமுத்தாய் இருபது ஆண்டுகள் வெடிக்குத் திரி வைத்து, அந்தக் கூலியில் மகளைக் கணினி படிக்க வைத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் வெடிமருந்து படியாத கையோடு வேலைக்குப் போன முதல் ஆள் மாரிசெல்விதான். சங்கிலிமுத்துவின் கடையில் ஆர்டர்களைப் பதிவதும் இணையதளத்தைக் கவனிப்பதும் அவள் பொறுப்பு.

"மொதலாளி, தப்பா நெனைக்காதீக. நெட்டு வழியா இந்த மாசம் மூணே ஆர்டர்தான் வந்துருக்கு. சந்தேகப்பட்டு வெளிய பிரவுசிங் சென்டர்ல தேடிப் பாத்தேன். நம்ம பேரு மூணாம் பக்கத்துல கெடக்கு."

வெளியூர் வியாபாரிகள் நால்வர் அப்போது கடையில் அமர்ந்திருந்தார்கள். சங்கிலிமுத்து புன்னகையோடு எழுந்து, தம் நாற்காலியை அவளிடம் தள்ளினார்.

"ஒக்காரு தாயி. நீயே அடி. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் தட்டினாள். கடையின் பெயர் உச்சியில் வந்து நின்றது.

"எத்தனாவது இடம்?"

"மொதலிடம், மொதலாளி. ஆனா அங்கன..."

"கண்ணுல கோளாறா, கண்ணாடியில கோளாறா? ஒந் துப்பட்டாவால திரையத் தொடைச்சிட்டு மறுபடி பாரு."

அவள் விளையாட்டென்று நினைத்து நின்றாள். அவர் விளையாடவில்லை. துப்பட்டாவின் முனையால் அவள் திரையைத் துடைத்தாள், மீண்டும் தட்டினாள், மீண்டும் துடைத்தாள். நான்கு முறை அப்படிச் செய்ய வைத்தார். வியாபாரிகளில் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார்.

"நைனா பாய் எம்புட்டுக் குடுத்தாரு?" என்று கேட்டார் சங்கிலிமுத்து. அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய சோற்று வாளி தெருவுக்குப் போய்விட்டது.

அத்தோடு விட்டிருந்தால் அது ஒரு வேலைநீக்கம். ஆனால், அன்று மாலையே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வேலையை விட்டுப் போனவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று படத்தோடு அறிவிப்புக் கொடுப்பது நிறுவனங்களின் வழக்கம். அதையே விளம்பரமாக்கினால் என்ன? சண்டை என்றால் ஊர் கூடும். கூடும் ஊர் இணையத்தில் தேடும். வேலை விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த மாரிசெல்வியின் படத்தைப் பிய்த்து அச்சகத்துக்கு அனுப்பினார். சாமி காலண்டர் அடிக்கும் அதே இயந்திரத்தில், தங்க மை சேர்த்து, ஆயிரம் சுவரொட்டிகள் வந்து இறங்கின. 'எங்கள் முதலிடத்தைக் கெடுக்கக் கைக்கூலி பெற்ற இந்தப் பெண்ணிடம் பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்' என்று மேலே எழுத்து. நடுவில் அவள் முகம். கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, இணைய முகவரி. சாத்தூர் முதல் சூலக்கரை வரை ஒரு சுவர் மிச்சமில்லை. தாயில்பட்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் ஆறு ஒட்டச் சொன்னார்.

விளம்பரம் பலித்தது. ஊரே பேசியது. மாரிசெல்வியை வேறு எந்தக் கடையும் சேர்க்கவில்லை. சாத்தூரில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பையனுக்கு ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆவணி முடிவதற்குள் அவள் தாயோடு சேர்ந்து வெடிக்குத் திரி வைக்கப் போனாள். தெரிந்தவர்கள் வந்து சொன்னபோது, "வெடிமருந்து பட்டுக் கை வெள்ளியாட்டம் மின்னுமே, நல்லதுதான்" என்றார் சங்கிலிமுத்து. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று கடைவீதியில் ஒரு பெயர் உண்டு.

புரட்டாசியில் அவர் இறுதி அடிக்கு நாள் குறித்தார். கல்யாண மண்டபத்தில் பெரிய திரை. ஊரார் முன்னிலையில் சோதனை. தோற்றவர் பேனரை இறக்க வேண்டும். நைனா முகம்மது ஒப்புக்கொண்டார். இருவரும் தத்தம் கணினியை மாலை போட்டு லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது.

முதலில் சங்கிலிமுத்துவின் கணினியைத் திரையோடு இணைத்தார்கள். அவர் விரல் தட்டியது. அவர் கடை முதலிடத்தில் நின்றது. விசில் பறந்தது. அடுத்து நைனா முகம்மது தம் கணினியில் தட்டினார். அதில் அவர் கடை முதலிடம்.

"பாய், என்ன மந்திரம் பண்ணீக?"

"நீங்க பண்ணதைத்தான் அண்ணாச்சி!"

சட்டையைப் பிடிக்கும் நிலை வந்தபோது, பிரவுசிங் சென்டர் நடத்தும் பாண்டிராஜ் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு மேடையேறினான். அதில் தட்டியதும், முதலிடத்தில் சென்னையிலிருக்கும் யாரோ ஒருவரின் கடை வந்தது. இரண்டாம் பக்கத்திலும் இவர்கள் இல்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் இருவரும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

"ரெண்டு மொதலாளியும் மெயிலைத் தெறந்துவச்சுக்கிட்டே தெனமும் அவுக கடையவே தேடி அவுக கடையவே தெறந்திருக்காக" என்று விளக்கினான் பாண்டிராஜ். "டீக்கடையில தெனமும் வாற ஆளுக்குக் கேக்காமலே சீனி கம்மியாப் போட்டுக் குடுக்காகல்ல? அது மாதிரி நெட்டும் இவுகளுக்குப் பிடிச்சதை இவுகளுக்கு மட்டும் மொதல்ல காட்டுது. ஊருக்கு அப்படிக் காட்டல."

தன் கூவலின் எதிரொலியைக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டுவிட்டு, ஏழு ஊர்ச் சேவல்களும் தன்னை வணங்குவதாக எண்ணிக்கொண்ட சேவலைப் போலச் சங்கிலிமுத்து மேடையில் நின்றார்.

"அண்ணாச்சி, துண்டை எடுத்துத் திரையைத் தொடைங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மாரிசெல்வியின் கதை தெரிந்த மண்டபம் முழுவதும் சிரித்தது. அன்று கடையில் அமர்ந்திருந்த அந்த நான்கு வியாபாரிகளும் சிரித்தார்கள். நைனா முகம்மது, தாமும் தோற்றதை மறந்துவிட்டுச் சிரித்தார்.

பாண்டிராஜ் சிரிக்கவில்லை. கம்பியைச் சுருட்டிக்கொண்டே சங்கிலிமுத்துவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "அந்தப் புள்ள எங் கடையிலதான் பாத்துச்சு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மணி நேரம் ஒக்காந்து ரோசனை பண்ணுச்சு. நீங்க ஏமாந்துரக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

சங்கிலிமுத்து அன்று ஆட்டோவில் ஏறாமல் நடந்தே போனார். வழியெங்கும் சுவர்களில் அவள் இருந்தாள். விண்ணப்பத்துக்கென்று எடுத்த படம்; வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் இலேசாகச் சிரித்திருந்தாள். இத்தனை நாள் அந்தச் சிரிப்பை அவர் கவனித்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாயில்பட்டிக்குப் போனார். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த ராமுத்தாய் எழவில்லை. மாரிசெல்வி கதவருகே நின்றாள். நகக்கண்களில் மருந்து வெள்ளியாகப் படிந்திருந்தது.

"எம் மேலதான் தப்பு தாயி. வேலைக்கு வா. சம்பளத்தைக் கூட்டித் தாரேன். நான் சொன்னது பொய்னு மறுப்பு நோட்டீஸும் ஆயிரம் அடிக்கச் சொல்லிருக்கேன். அந்தப் போஸ்டருக்கு மேலயே ஒட்டிருவாக."

"மேல ஒட்டுனா எம் மக அடியில கெடப்பா" என்றாள் ராமுத்தாய். "மழை பேஞ்சு ஒங்க நோட்டீஸு உரிஞ்சா, மறுபடி எந்திரிச்சு நிப்பா. சம்பளத்தை யாரு கேட்டா? சுவத்துல இருக்குறவளை மொதல்ல எறக்குங்க."

"ஆளு விட்டு எறக்கச் சொல்றேன்மா."

"ஆளா ஒட்டச் சொன்னாக?" என்று கேட்டாள் மாரிசெல்வி. "வேலைக்கு நான் வரல மொதலாளி. மத்த ஊரு சுவரை யாரு கிழிச்சாலும் சரி. எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல ஒட்டுன ஆறை மட்டும் நீங்க எறக்குங்க."

ராமுத்தாய் அலசிய தண்ணீர் வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.

சங்கிலிமுத்து வாளியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டி முதல் சுவரொட்டியில் நகத்தை வைப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏலே, மொதலிடம் வந்துருக்குடோய்!" என்று ஒருவன் கத்தினான்.

பசை இறுகியிருந்தது. ஓரத்தைப் பிடித்து வேகமாக இழுத்தார். சரக்கென்று அவள் நெற்றியில் பாதி கிழிந்து கையோடு வந்தது. கூட்டம் ஊவென்றது.

"முகத்தைக் கிழிக்காதீக" என்று பின்னாலிருந்து மாரிசெல்வியின் குரல் கேட்டது. "நனைய விட்டு உரிங்க. எழுத்துலருந்து ஆரம்பிங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை வாளியில் முக்கி, பிழியாமல் சுவரில் ஒத்தினார். தண்ணீர் முழங்கை வழியே வழிந்து சட்டையை நனைத்தது. எழுத்துகள் ஊறும்வரை பொறுத்திருந்து, 'கைக்கூலி' என்ற சொல்லின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து, இழுக்காமல் மெல்ல மெல்லத் தூக்கத் தொடங்கினார்.