மழைப் பதிவேட்டில் சந்தனம்

"இதுக்கெல்லாம் யாரு சாமி கும்பிடுவாக அக்கா?"

பாலவனத்தத்திலிருந்து பள்ளி வேனில் வந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்படிக் கேட்டாள். அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு.

பாண்டீஸ்வரி அங்கே இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வேலை பழகுகிறவள். வரலாறு மூன்றாம் ஆண்டு. படி, மரக்கால், தறி நாடா, கிராமத்து மனுக்கள் என்று எதைக் காட்டினாலும் அதன் பதிவு எண்ணைச் சொல்வாள், எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் சொல்வாள். "யாரும் கும்பிடுறதில்ல பாப்பா" என்றாள். அந்தப் பிள்ளை பெட்டிகளைப் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டது.

அந்தப் பார்வை பாண்டீஸ்வரியை விடவில்லை. பந்தல்குடியில் அவள் அப்பா ஓட்டும் லாரிக்கு ஆயுத பூஜையன்று மாலை விழும். அம்மா அரிவாள்மனைக்குக்கூடப் பொட்டு வைப்பாள். இத்தனை பேருடைய கைபட்ட சாமான்கள் இங்கே பொட்டில்லாமல் கிடப்பதா? ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்திய நாள் அருங்காட்சியகத்தின் சாவி அவளிடம் இருந்தது. சந்தனத்தைப் பன்னீரில் தளரக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். அலமாரியிலிருந்த மழைப் பதிவேட்டுக்கு, வீட்டில் தன் பாடப் புத்தகங்களுக்குச் செய்வதுபோலவே, முதல் பக்கத்தைத் திறந்து நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் இட்டு மூடிக் கும்பிட்டாள். பஸ்ஸில் போகும்போது மனசு நிறைந்திருந்தது.

அந்தப் பதிவேடு, கூடப் படித்து, கூடவே அங்கே வேலை பழகும் முருகலட்சுமியின் அப்பா ராமசுப்பு கொடுத்தது. அவருடைய தாத்தா திருச்சுழிப் பக்கத்துத் தங்கள் காட்டில் முப்பது வருடம் பெய்த மழையை அளந்து, நாள்வாரியாக மைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். வானத்தைப் பார்த்தே விதைக்கிற பூமியில் அப்படி ஒரு கணக்கு வேறு எங்கும் இல்லை.

ஐந்து நாள் கழித்துக் கல்லூரி திறந்தது. பாண்டீஸ்வரி உள்ளே போனபோது முருகலட்சுமி மேசைமுன் அசையாமல் நின்றிருந்தாள். பதிவேடு திறந்திருந்தது. ஈரச் சந்தனம் அடித் தாள்கள்வரை ஊறிப் பக்கங்களை ஒட்ட வைத்திருந்தது. மை கரைந்து நீலமாகப் படர்ந்து, அதன்மேல் குங்குமம் ஊறியிருந்தது. பிரிக்கப் பார்த்த இடத்தில் தாள் உரிந்து வந்திருந்தது.

பூஜைக்கென்று தான் வைத்த பொட்டு இப்படிச் செய்யும் என்று பாண்டீஸ்வரி கனவிலும் நினைக்கவில்லை.

"யாருடி பண்ணா?" என்றாள் முருகலட்சுமி.

"நாந்தேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

அப்போதுதான் அருங்காட்சியகப் பொறுப்பாசிரியர் இம்மானுவேல் உள்ளே வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எத்தனை பக்கம் என்று கேட்டார். பதினொன்று.

"இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு" என்றார். "அடுத்த வாரம் ஸ்கேன் பண்ண இருந்தோம்."

யார் வைத்தது என்று அவர் கேட்க, பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். அதற்குள் முருகலட்சுமி சொல்லிவிட்டாள்: "நாந்தான் சார். எங்க வீட்டுப் புத்தகம், அதான் பொட்டு வச்சேன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவேட்டின் சேதங்களைக் குறித்து வைக்கும் நிலை அட்டையை எடுத்து அவளையே எழுதச் சொன்னார். இந்த வருடம் முழுக்க இந்த அறைக்குள் வரவேண்டாம் என்றார்.

வராந்தாவில் பாண்டீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேய் அறைஞ்ச மாதிரி நிக்காத" என்றாள் முருகலட்சுமி. "எனக்குன்னா இதோட போச்சு. உனக்குன்னா சென்னைக்குப் பேரே போகாது. எங்க அய்யாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அங்க போயாவது எதுலயும் பொட்டு வைக்காம இரு."

சென்னை என்பது ஆறு மாதப் பயிற்சி. பழைய தாளையும் ஓலையையும் பழுதுபார்க்கக் கற்றுத் தருவார்கள். கல்லூரிக்கு வருடம் ஒருவர்தான். பாண்டீஸ்வரியின் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்ததே முருகலட்சுமிதான்.

மூன்றாம் நாள் மதியம் இம்மானுவேல் சார் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டார். மேசையில், ஒட்டி மூடிய உறை ஒன்று இருந்தது. சென்னைக்கு அவள் பெயர்தான் போகிறது, நான்கு மணிக்கு ஆபீஸ் ஆள் வந்து எடுத்துப் போவார் என்றார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் எழுதிக் குடுத்திருந்தீங்க. யாரை அனுப்புறதுன்னு ஒரு மாசமா குழம்பிக் கெடந்தேன். முருகலட்சுமியே அந்தக் கஷ்டம் இல்லாமப் பண்ணிட்டா."

பாண்டீஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. ரெண்டு பேரா? அவளும் எழுதிக் கொடுத்திருந்தாளா? தன் தாளை ஒதுக்கி வைத்துவிட்டா என் தாளைத் திருத்தினாள்? ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லையே.

சார் அவள் முகத்தைக் கவனிக்கவில்லை. நிலை அட்டையை அவளிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அட்டையில் முருகலட்சுமியின் குண்டு எழுத்து. 'சேதம்: பதினொரு பக்கங்கள். காரணம்: சந்தனம், குங்குமம். வைத்தவர்: ரா. முருகலட்சுமி.'

பாண்டீஸ்வரி மேசைமுன் உட்கார்ந்தாள். மூன்று நாளாகக் கோயிலுக்குப் போகக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறர் நமக்காக வெயிலில் நிற்கும்போது அவர் நிழலில் நாம் நிம்மதியாக உட்கார முடியாது. அப்படி உட்காரவிடாமல் நம்மை நெருடுவதும் தெய்வத்தின் கருணைதான்.

ஆவண அறையில் பென்சிலால்தான் எழுதவேண்டும். ஆனால் எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது. தவறான பதிவின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். முன்பு எழுதியது என்ன, திருத்தியது யார் என்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

பக்கத்தில் ரப்பர் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

தோழியின் பெயர்மேல் கோடு இழுத்தாள். 'பா. பாண்டீஸ்வரி' என்று எழுதினாள். அழுத்தியதில் பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு, 'முருகலட்சுமிக்கு இதில் பங்கில்லை. சாவி என்னிடம் இருந்தது' என்று முடித்துத் தேதியிட்டாள்.

அட்டையை அவள் அலமாரியில் வைக்கவில்லை. உறையின்மேல், எழுத்து மேலே தெரியும்படி வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தினாள். மணி மூன்றேகால். சாரின் வகுப்பு மூன்றரைக்கு முடியும். வராந்தாவில் யாரும் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.